விசாரணை: குண்டூரில் நடந்த கதை கும்மிடிப்பூண்டிக்கு ஏன் பொருந்துகிறது?

சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்து எளாவூர், அதற்கடுத்து ஆரம்பாக்கம். அதையும் தாண்டினால் தடா. அங்கே கடை போர்டுகள் தெலுங்குக்கு மாறிவிடும். அதே தடத்தில் நெல்லூர், ஓங்கோல் தாண்டி, தெனாலியில் பிரிந்தால் குண்டூர்.

1983-ல் அந்தக் குண்டூரில் பிழைப்புத் தேடிப் போன சில தமிழ் இளைஞர்களை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி 13 நாள் லாக்கப்பில் அடித்தது. அவர்களில் ஒருவரான கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், பல ஆண்டுகள் கழித்து அதை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். அதை மூலமாக வைத்து வெற்றிமாறன் இயக்கிய படம்தான் 'விசாரணை'. 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2016 பிப்ரவரியில் தியேட்டர்களுக்கு வந்தது. சிறந்த தமிழ்ப் படம் உட்பட மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரப்பூர்வப் படமாகவும் போனது.

பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போதும் 'விசாரணை' என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அடிதான். மூங்கில் கம்பு, ரத்தம், அலறல். "பார்க்கவே முடியலப்பா" என்று பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு. ஆனால் ஏன் இவர்களைப் பிடித்தார்கள் என்பதுதான் படத்தின் முக்கியமான கேள்வி. அந்தக் கேள்வியோடு கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போய் நின்றால் படம் வேறு மாதிரித் தெரியும்.

ஏன் இவர்களை?

பாண்டி, முருகன், அப்சல், குமார். நான்கு பேரும் குண்டூரில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, பார்க்கில் படுத்துத் தூங்குகிறார்கள். வாடகை மிச்சமானால் ஊருக்கு நாலு காசு அனுப்பலாம் என்ற கணக்கு. அந்த ஊரில் செல்வாக்கான ஒருவர் வீட்டில் திருட்டு நடக்கிறது. மேலிடத்திலிருந்து அழுத்தம் வருகிறது. வழக்கைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு போக ஆள் வேண்டும்.

எப்படிப்பட்ட ஆள் வசதி? வீட்டு முகவரி இல்லாதவன், உள்ளூர் மொழி சரியாகப் பேசத் தெரியாதவன், ஸ்டேஷன் வாசலில் வந்து நின்று "எங்க பையன் எங்கே?" என்று கேட்க அம்மாவோ வார்டு கவுன்சிலரோ வக்கீலோ இல்லாதவன். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால், அவன் திருடினானா என்ற கேள்வி இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

மேலை நாடுகளின் போலீஸ் படங்களில் இந்த இடத்தில் தோலின் நிறம் இருக்கும். இந்தியாவில் மொழி, ஊர், சாதி, மதம் என்று அது பல வேஷம் போடும். குண்டூரில் தமிழ். கும்மிடிப்பூண்டியில் இந்தி, போஜ்புரி, ஒடியா, வங்காளம்.

கும்மிடிப்பூண்டியில் யார் அந்த இடத்தில்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில்கள், உதிரிபாகத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உலை முன்னால் நின்று வேலை பார்ப்பவர்களில் பெரும் பகுதி பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆட்கள். மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். ஒரே அறையில் பல பேர் தங்கி, ஷிஃப்ட் மாற்றித் தூங்குவது சாதாரணம். காண்ட்ராக்டரின் போன் நம்பர்தான் இவர்களுக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே அடையாளம்.

அதாவது, 1983-ல் குண்டூரில் தமிழன் இருந்த நிலை.

இவர்கள் மட்டுமல்ல. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்பவர்களுக்கு, போலீஸ் கண்காணிப்பு என்பது தினசரி வாழ்க்கையின் பகுதி. திருவள்ளூர் மாவட்டம் முழுக்க இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள், தமிழ் பேசுபவர்கள். ஆனாலும் எங்காவது திருட்டு நடந்தால் முதலில் திரும்பும் பார்வை எங்கே போகும் என்பதை 2021-ல் வந்த 'ஜெய் பீம்' நாட்டுக்கே காட்டியது. சந்தேகத்துக்கு மொழி ஒரு சாக்கு. மொழி இல்லாவிட்டால் வேறு சாக்கு கிடைக்கும்.

பயம் முழுக்கப் பொய்யா?

அப்படிச் சொன்னால் அது நேர்மையாக இருக்காது. 2025 ஜூலையில் ஆரம்பாக்கம் அருகே ஒரு சிறுமிக்கு எதிராக நடந்த பாலியல் குற்றம் அந்தப் பகுதியையே உலுக்கியது. சுமார் இரண்டு வாரத் தேடலுக்குப் பிறகு வெளிமாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் கைது செய்யப்பட்டார். பிள்ளை வைத்திருக்கும் யாருக்கும் அந்த நாட்களில் வந்த கோபமும் பயமும் நியாயமானவை.

ஆனால் அந்தத் தேடலில் உதவியது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கண்காணிப்பு கேமராவில் பதிவான முகம், அதை மக்களிடம் கொண்டுபோய்க் காட்டியது, பல தனிப்படைகளின் அலைச்சல். அதாவது ஆதாரம். "எல்லாம் இந்த வடக்கத்திப் பசங்க வேலை" என்ற பொதுப்பேச்சு ஒரு குற்றவாளியையும் பிடித்துக் கொடுத்ததில்லை. ஒரு ஊரையே சந்தேகப்பட்டால், தேடவேண்டிய ஒருவன் அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள வசதிதான் ஆகும்.

அந்தப் பொதுப்பேச்சு எவ்வளவு வேகமாகத் தீப்பிடிக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பலர் பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பியது. தமிழ்நாடு போலீஸ் வீடியோக்கள் பொய் என்று விளக்கி, பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் இதே மாவட்டத்தின் காட்டுப்பள்ளியில், இறந்துபோன ஒரு வடமாநிலத் தொழிலாளிக்கு இழப்பீடு கேட்டு நடந்த போராட்டம் கல்வீச்சு, கண்ணீர்ப்புகை என்று போனது. இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பயத்தோடுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் நிற்கவேண்டியது போலீஸ்.

படத்தின் இரண்டாம் பாதி ஏன் முக்கியம்?

'விசாரணை' குண்டூரோடு முடிந்திருந்தால், "ஆந்திரா போலீஸ் நம்ம பசங்கள என்ன பண்ணினாங்க பாரு" என்று கோபப்பட்டு எழுந்து வந்திருக்கலாம். வெற்றிமாறன் அந்த வசதியைத் தரவில்லை.

குண்டூர் கோர்ட்டில், வேறு வேலையாக வந்திருக்கும் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் (சமுத்திரக்கனி), இந்த இளைஞர்கள் தமிழில் சொல்வதை நீதிபதிக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார். விடுதலை கிடைக்கிறது. அந்த நன்றியில் அவருக்கு ஒரு வேலை செய்து கொடுக்கிறார்கள்: கே.கே. என்ற ஆடிட்டரை (கிஷோர்) பிடிக்க உதவுகிறார்கள். பிறகு சென்னை வருகிறார்கள். ஸ்டேஷனைச் சுத்தம் செய்யும் வேலை. சொந்த மாநிலம், சொந்த மொழி. இனி பயமில்லை என்று தோன்றும் இடம் அதுதான்.

அந்த ஆடிட்டருக்கு அரசியல்வாதிகளின் பணக்கணக்கும் அதிகாரிகளின் பணக்கணக்கும் தெரியும். அவர் போலீஸ் பிடியில் சாகிறார். அந்தச் சாவை மறைக்க வேண்டும். அந்தப் பேச்சு இந்த இளைஞர்கள் காதில் விழுகிறது. முடிவு உடனே எடுக்கப்படுகிறது: நிலுவையில் இருக்கும் ஒரு கொள்ளை வழக்கை இவர்கள் தலையில் கட்டி, சுட்டுவிடலாம்.

குண்டூரில் அவர்கள் அடிபட்டது மொழி தெரியாததால். சென்னையில் சாவது மொழி தெரிந்ததால்.

முதல் பாதியில் ஒரு ஃபைலை மூட ஆள் தேவைப்பட்டது. இரண்டாம் பாதியில் ஒரு ஊழலை மூட ஆள் தேவைப்பட்டது. இரண்டு தேவைக்கும் ஒரே ஆட்கள் கிடைத்தார்கள். போலீஸ் ஊழலும் வெளியூர்க்காரன் மேலான சந்தேகமும் தனித்தனி நோய் இல்லை என்று படம் சொல்வது இங்கேதான். ஊழலுக்கு ஒரு பலி தேவை. அந்தப் பலி யார் என்பதை, ஊரில் ஏற்கனவே இருக்கும் சந்தேகம் முடிவு செய்கிறது. "செத்தவங்க கொள்ளைக்காரங்களாமே" என்று நம்பத் தயாராக ஒரு ஊர் இல்லாவிட்டால் அந்தத் திட்டமே நடக்காது.

முத்துவேலும் தப்பவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. மனசாட்சி உள்ள ஒரு அதிகாரி இருந்தால் போதும் என்ற நம்பிக்கையையும் படம் கடைசியில் பறித்துக்கொள்கிறது. அமைப்பு சரியில்லாத இடத்தில் தனி ஆளின் நேர்மை, அவர் உயிருக்கே ஆபத்து.

நிஜத்தில் என்ன நடந்திருக்கிறது?

2012 பிப்ரவரி 23 அதிகாலை, சென்னை வேளச்சேரியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த ஐந்து பேரை போலீஸ் சுட்டுக்கொன்றது. வங்கிக் கொள்ளையில் தேடப்பட்டவர்கள், முதலில் சுட்டது அவர்கள்தான் என்று போலீஸ் சொன்னது. அவர்கள் வடமாநில இளைஞர்கள். குற்றவாளிகளா இல்லையா என்று ஒரு நீதிமன்றம் சொல்லும் வாய்ப்பு அன்றோடு போனது. அதற்குப் பிறகு வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லி வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவு வந்தது. இந்தி பேசுபவர்களுக்கு வீடு கிடைப்பது கஷ்டமானது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2015 ஏப்ரல் 7. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களை ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்றது. தமிழ்நாடே கொதித்தது. கொதித்தது சரிதான். ஆனால் வேளச்சேரிக்குக் கைதட்டி, சேஷாசலத்துக்குக் கண்ணீர் விட்டவர்களும் இருந்தார்கள். செத்தவன் எந்த மொழி பேசினான் என்பதை வைத்து நியாயம் மாறுமா? 'விசாரணை' கேட்கும் கேள்வியும் இதுதான்.

வெளியூர்க்காரனுக்கு நடப்பது உள்ளூர்க்காரனுக்கு வராது என்பதும் கற்பனை. 2020-ல் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும், 2025-ல் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளியும் போலீஸ் பிடியில் அடிபட்டு உயிரிழந்தார்கள். சொந்த ஊர், சொந்த மொழி, உறவினர் எல்லாம் இருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தாளில் பார்த்தால் பாதுகாப்புக்குக் குறையே இல்லை.

* ஒப்புதல் வாக்குமூலம்: போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். "நகை எங்கடா?" என்று அடி விழுவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது.

* 24 மணி நேரம்: கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு இதை உறுதி செய்கிறது. இதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு: "கைது இல்லை, சும்மா விசாரிக்கக் கூட்டி வந்தோம்." கைது என்று எழுதாதவரை கடிகாரம் ஓடாது. சந்திரகுமாரின் 13 நாட்களும் இப்படித்தான் சாத்தியமானது.

* தகவல் சொல்வது: கைதான விஷயத்தை உறவினருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டும் என்று 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது அது சட்டத்திலேயே இருக்கிறது.

* மொழி: கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உடனே முடியாவிட்டால், ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் கைதே சட்டவிரோதம்.

* கேமரா: எல்லா ஸ்டேஷன்களிலும் ஒலியோடு பதிவாகும் சிசிடிவி வேண்டும் என்பது 2020 டிசம்பர் பரம்வீர் சிங் சைனி தீர்ப்பு. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி இருந்தது விசாரணையில் தெரியவந்தது.

* என்கவுன்ட்டர்: ஒவ்வொரு என்கவுன்ட்டர் சாவுக்கும் வழக்குப் பதிந்து, வேறு ஸ்டேஷன் அல்லது சிஐடி மூலம் தனி விசாரணை நடத்த வேண்டும் என்று 2014-ல் பி.யு.சி.எல். வழக்கில் விதிமுறைகள் வந்தன.

அப்படியானால் எங்கே இடிக்கிறது?

மேலே உள்ள எல்லாமே, யாராவது ஒருவர் கேட்டால்தான் வேலை செய்யும். ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வாரம் ஆன உருக்காலைத் தொழிலாளிக்காக யார் கேட்பார்கள்? காண்ட்ராக்டர் ஸ்டேஷன் பக்கம் வருவாரா? "போலீஸ் கேஸ் ஆளு, வேண்டாம்" என்று வேலையை விட்டுத் தூக்குவதுதான் அவருக்கு எளிது.

கேட்கவேண்டிய அமைப்பும் பலவீனம். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க, போலீஸுக்கு வெளியே ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013-ல் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் போலீஸ் உயரதிகாரிகள். யாரைப் பற்றிப் புகாரோ அந்தத் துறையிடமே புகார். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது. அதை இன்னும் உறுதிப்படுத்தவில்லை. சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கும் சட்டமும் வரவில்லை.

போலீஸ்காரரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஆள் பற்றாக்குறை, தூக்கமில்லாத டூட்டி, "நாளைக்குள்ள முடிச்சாகணும்" என்ற மேலிட உத்தரவு. இந்தி தெரியாத ஒரு ஏட்டு, தமிழ் தெரியாத ஒரு தொழிலாளியிடம் என்ன விசாரித்துவிட முடியும்? வார்த்தை இல்லாத இடத்தில் கைதான் பேசும். அடி, பல நேரம், விசாரிக்கத் தெரியாததை மறைக்கும் வழி.

என்ன செய்யலாம்?

பெரிய சீர்திருத்தம் வரும்போது வரட்டும். கும்மிடிப்பூண்டி மாதிரித் தொழில் பகுதியில் நாளைக்கே தொடங்கக்கூடியவை சில இருக்கின்றன.

ஒன்று, மொழிபெயர்ப்பாளர். இந்தி, ஒடியா, வங்காளம், அசாமி தெரிந்தவர்களின் பட்டியல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருக்க வேண்டும், போனிலாவது பேசும்படி. அவர் போலீஸ்காரராகவோ காண்ட்ராக்டரின் ஆளாகவோ இருக்கக்கூடாது. படத்தில் முத்துவேல் தற்செயலாகக் கோர்ட்டில் இருந்தார். ஒருவருடைய விடுதலை தற்செயலை நம்பி இருக்க முடியாது.

இரண்டு, கைதுக் காரணப் படிவத்தை அந்த மொழிகளில் அச்சடித்து வைப்பது. உச்ச நீதிமன்றமே கட்டாயம் என்று சொன்ன பிறகு இதற்குச் சாக்கு இல்லை.

மூன்று, "விசாரிக்க" என்று அழைத்து வரப்படும் ஒவ்வொருவரின் வருகை நேரமும் போன நேரமும் பதிவாக வேண்டும். அந்த நேரத்தின் கேமராப் பதிவு மாவட்ட நீதித்துறையின் கைக்கு எட்ட வேண்டும்.

நான்கு, இலவசச் சட்ட உதவி. 15100 என்ற தேசிய எண் இருக்கிறது. அது தொழிற்சாலை கேட்டிலும் தங்கும் விடுதிச் சுவரிலும் அவர்கள் மொழியில் எழுதப்பட்டால்தான் பயன்.

இவற்றால் போலீஸின் கை கட்டப்படும் என்பவர்கள் ஆரம்பாக்கம் வழக்கை நினைத்துப் பார்க்கலாம். தப்பான ஆளை அடித்து ஒப்புக்கொள்ள வைத்தால், சரியான ஆள் வெளியே இருப்பான். அவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் அது தெரியும்.

அதே புறநகர் ரயிலில், காலை ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியில் ஏறும் இளைஞன் வீடியோ காலில் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பான். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அந்த மொழி புரியாது. 1983-ல் குண்டூர் பார்க்கில் நான்கு பேர் தமிழில் பேசிச் சிரித்தபோது, அந்தப் பக்கம் போனவர்களுக்கும் அது புரிந்திருக்காது.